விலை எழுதாத சுவர்



நியூயார்க்கில் செல்சி என்றொரு பகுதி இருக்கிறது. மன்ஹாட்டனின் மேற்குக் கரையோரம் ஒரு காலத்தில் கிடங்குகளும் வாகனப் பட்டறைகளும் நிறைந்திருந்த தெருக்கள். உலகின் பெரிய கேலரிகள் பலவற்றுக்கு இன்று அதுதான் முகவரி. உள்ளே போக நுழைவுச்சீட்டு கிடையாது. உயரமான வெள்ளைச் சுவரில் ஒற்றை ஓவியம் தொங்கும். பக்கத்தில் விலை இருக்காது. பல இடங்களில் ஓவியத்தின் பெயர்கூட இருக்காது. விற்கிற பொருளுக்கு விலை காட்ட வேண்டும் என்பது அந்த நகரத்தின் சட்டம். கேலரிகளுக்கும் அது பொருந்தும் என்று 1988இல் நகர நுகர்வோர் துறை நோட்டீஸ் கொடுத்தது. கேலரிக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கலையைக் காய்கறிபோல் நடத்துகிறார்கள் என்பது அவர்கள் குறை. கடைசியில், வரவேற்பு மேசையில் ஒரு விலைத்தாள் வைத்திருப்பது, கேட்டால் எடுத்துக் காட்டுவது என்று ஆனது. கேட்கும் துணிச்சல் எல்லாருக்கும் வருவதில்லை.

அந்தச் சுவரில் விலை ஏன் இல்லை என்பதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். விலை பெரியது, சொன்னால் கூச்சம் என்பதல்ல காரணம். நாம் பழகிய கடையில் விலையைக் கொடுப்பவர் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். இந்தக் கேலரிகளில் விலையைக் கொடுக்க முன்வருவது மட்டும் போதாது. யார் வாங்குவது என்பதைக் கேலரி தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகுதான் விலை. அதனால் இந்த வியாபாரம் முழுவதும் ஒரு மனிதரின் சொல்லை இன்னொருவர் நம்புவதில் நிற்கிறது. இதனால் ஓவியர்களுக்குப் பெரிய நன்மையும் விளைந்திருக்கிறது, பெரிய திருட்டும் நடந்திருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் விலை. முதல் கண்காட்சி வைக்கும் ஓவியருக்கு எப்படி விலை போடுகிறார்கள்? அவர் வயது, படித்த பள்ளி, அதே நிலையில் உள்ள மற்ற இளைஞர்களின் விலை ஆகியவற்றைப் பார்த்து ஓர் எண்ணில் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு கணக்கு வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ஓவியத்தின் அளவுதான் விலை. பெரிய கேன்வாஸுக்குப் பெரிய விலை, சிறியதற்குச் சிறிய விலை. ஒரே அளவுள்ள இரண்டில் ஒன்று அபாரமாக வந்திருக்கும், மற்றது சுமாராக இருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை. இது புதிய வழக்கமும் அல்ல. 1912 இறுதியில் பாரிஸ் வணிகர் கான்வைலர் பிக்காசோவோடு மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டபோதும் கேன்வாஸ் அளவுக்கு இவ்வளவு என்றுதான் எழுதிக்கொண்டார்கள்.

தரத்துக்கு ஏன் விலை இல்லை? ஒரே கண்காட்சியில் ஓர் ஓவியத்துக்கு அதிக விலையும் அதே அளவுள்ள இன்னொன்றுக்குக் குறைந்த விலையும் போட்டால், இரண்டாவது மட்டம் என்று கேலரியே அறிவித்ததாகிவிடும். வாங்குபவருக்கு ஐயம் வரும், ஓவியர் மனம் உடையும். ஒலாவ் வெல்தாயிஸ் என்ற டச்சு சமூகவியலாளர் ஆம்ஸ்டர்டாம், நியூயார்க் கேலரிக்காரர்களைச் சந்தித்து ஆராய்ந்து 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு விலையும் ஏதோ ஒரு செய்தியைச் சொல்கிறது என்பது அவர் கண்டது. விலையைக் குறைத்தால் வாங்க ஆள் கூடும் என்பது மற்ற வியாபாரங்களின் விதி. இங்கே குறைத்தால், முன்பே வாங்கியவர் அஞ்சுவார், ஓவியர் தன் மதிப்புப் போய்விட்டதாக நினைப்பார், புதிதாக வருபவர் ஒதுங்கி நிற்பார். எனவே விலை ஏறலாம், இறங்கக் கூடாது. ஏறுவதும் மெல்ல ஏற வேண்டும். சந்தை படுத்துவிட்டால் விலைப்பட்டியலைத் தொடமாட்டார்கள். சிறிய கேன்வாஸ்களை வரையச் சொல்வார்கள், காகிதத்தில் வரைந்தவற்றைக் காட்டுவார்கள், அடுத்த கண்காட்சியைத் தள்ளிப் போடுவார்கள். தள்ளுபடி உண்டு, ஆனால் அது சுவருக்குப் பின்னால். நன்கு அறிந்த சேகரிப்பாளருக்குப் பத்து சதவீதம் என்பது ஏறக்குறைய எழுதாத விதி. அருங்காட்சியகத்துக்கு அதைவிடக் கூடுதலாகத் தருவார்கள்.

வந்த பணத்தில் பாதி ஓவியருக்கு, பாதி கேலரிக்கு. இதைக் கேட்டதும் இங்கே இருக்கும் ஓவிய மாணவர்களுக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். நல்ல கேலரி அந்தப் பாதிக்கு உழைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாடகை, காப்பீடு, அனுப்பும் செலவு, நூல் அச்சிடுவது, ஆர்ட் பாசல் போன்ற கலைச்சந்தைகளில் இடம் எடுப்பது, விற்காத ஆண்டுகளில் ஓவியருக்கு முன்பணம் தருவது என எல்லாம் அதற்குள் வருகின்றன.

இனி, யாருக்கு விற்பது? நம் வீடுகளில் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் குடும்பம், குணம், வேலை என்று நாலு பேரிடம் விசாரிப்போமே, அதே விசாரணை இங்கேயும் நடக்கிறது. இவரிடம் ஏற்கெனவே யாருடைய ஓவியங்கள் இருக்கின்றன? வாங்கியதைச் சுவரில் மாட்டுவாரா, கிடங்கில் பூட்டுவாரா? எந்த அருங்காட்சியகத்தின் அறங்காவலர் குழுவில் இருக்கிறார்? இதற்கு முன் வாங்கியதை ஏலத்துக்கு அனுப்பியிருக்கிறாரா? கண்காட்சி திறப்பதற்கு வாரங்களுக்கு முன்பே ஓவியங்களின் படங்கள் சிலருக்கு மின்னஞ்சலில் போய்விடும். திறப்பு விழாவன்று நீங்கள் பார்க்கும் ஓவியங்களில் பல அதற்குள் விற்றுப் போயிருக்கும். புதிதாகப் பணம் சேர்த்த ஒருவர் வந்து முழு விலையும் தருகிறேன் என்றாலும், காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்கிறோம் என்பார்கள். அந்தப் பட்டியலுக்கு வரிசை எண் கிடையாது. ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றை வாங்கி அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுங்கள் என்று கேட்பதும் இப்போது சாதாரணம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் விற்க மாட்டேன், விற்க நேர்ந்தால் முதலில் உங்களிடமே வருவேன் என்று எழுதி வாங்கிக்கொள்வதும் உண்டு.

இவ்வளவு கட்டுக்காவல் ஏன்? ஏல மேடைக்கு அஞ்சித்தான். 1973 அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில், சோத்பீஸ் ஏல நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில், ராபர்ட் ஸ்கல் என்ற சேகரிப்பாளர் தம்மிடமிருந்த 50 படைப்புகளை ஏலத்துக்கு விட்டார். டாக்சி நிறுவனம் நடத்திப் பணம் சேர்த்தவர் அவர். மொத்தம் 22 லட்சம் டாலர் வந்தது. ராபர்ட் ரவுஷன்பெர்க் வரைந்த ‘தா’ என்ற படைப்பை 1958இல் அவர் 900 டாலருக்கு வாங்கியிருந்தார். அன்று அது 85,000 டாலருக்குப் போனது. ஏலம் முடிந்ததும் ரவுஷன்பெர்க் ஸ்கல்லை நேருக்கு நேர் பிடித்துத் தள்ளி, நீ லாபம் பார்க்கவா நான் பாடுபட்டேன் என்ற பொருளில் சண்டை போட்டார். இனி உன் புதிய ஓவியங்களின் விலையும் ஏறும், உனக்கும்தான் நன்மை என்பது ஸ்கல்லின் பதில். அது கேமராவிலும் பதிவாகியிருக்கிறது. ஸ்கல் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் என் மனம் ரவுஷன்பெர்க் பக்கம்தான். அவரிடம் யாரும் வராத நாளில் வாங்கியவர் என்ற மரியாதை ஸ்கல்லுக்கு உண்டு. அதற்காகப் படைத்தவனுக்கு ஒரு காசுகூட வராமல் போவது நியாயமாகாது. அந்தக் கோபத்திலிருந்துதான் மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 சதவீதம் தர வேண்டும் என்ற கலிஃபோர்னியா சட்டம் 1976இல் பிறந்தது. பிற்பாடு நீதிமன்றங்கள் அதன் பெரும்பகுதியைச் செல்லாததாக்கிவிட்டன.

ஏலத்தில் விலை வேகமாக ஏறுவதும் ஆபத்து. கானா நாட்டு ஓவியர் அமோவாகோ போவாஃபோ 2019இல் வரைந்த ஓர் ஓவியம் 2020 பிப்ரவரியிலேயே லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 30,000 முதல் 50,000 பவுண்டு வரை போகும் என்றார்கள். 6,75,000 பவுண்டுக்குப் போனது. இப்படி ஓராண்டில் பத்து மடங்கு ஏறியவர்களின் விலை, அடுத்த சில ஆண்டுகளில் ஏலத்தில் கேட்பாரற்று விழுவதைப் பலமுறை பார்த்துவிட்டோம். விற்றவர் லாபத்தோடு போய்விடுவார். முப்பது வயதில் அந்தச் சரிவைச் சுமக்க வேண்டியவர் ஓவியர். கேலரியின் கட்டுப்பாடுகளில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த நியாயத்தை உலகுக்குக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். போல் துரான்-ருயெல், 1831இல் பாரிஸில் பிறந்தவர். இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களைப் பத்திரிகைகள் எள்ளி நகையாடிய காலத்தில் அவர்களை வாங்கியவர். 1872இல் மானேயிடமிருந்து இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை ஒரே நேரத்தில் 35,000 பிராங்குக்கு எடுத்துக்கொண்டார். மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ, சிஸ்லி ஆகியோருக்கு மாதாமாதம் பணம் அனுப்பினார். வாடகை, வண்ணம், மருத்துவச் செலவு எல்லாம் அந்தப் பணத்தில்தான். அவர்களுடைய ஓவியம் ஏலத்துக்கு வந்தால் விலை விழாமலிருக்கத் தாமே போய்க் கேட்டார். ஓவியர் ஒருவருக்கென்று தனிக் கண்காட்சி வைப்பதை வழக்கமாக்கினார். தம் வீட்டுச் சுவர்களையே மக்கள் பார்க்கத் திறந்துவைத்தார்.

1882இல் யூனியன் ஜெனரல் என்ற வங்கி சரிந்தபோது அவர் கிட்டத்தட்டத் திவாலானார். அப்போதும் ஓவியர்களைக் கைவிடவில்லை. 1886இல் ஏறக்குறைய 300 ஓவியங்களைக் கப்பலேற்றி நியூயார்க் கொண்டுபோனார். பாரிஸ் சிரித்ததை அமெரிக்கா வாங்கியது. 1891க்கும் அவர் இறந்த 1922க்கும் இடையில் அவர் கைவழியே போனவை சுமார் 12,000 ஓவியங்கள். அவற்றில் ஆயிரத்துக்கு மேல் மோனேயுடையவை.

இன்று பெரிய கேலரிகள் செய்யும் எல்லாமே இவரிடம் இருந்தன. ஒரே வணிகருக்கு மட்டுமே விற்கும் ஏற்பாடு, ஏலத்தில் விலையைத் தாங்குவது, தனிக் கண்காட்சி, மாதப்படி, வெளிநாட்டுக் கிளை, எல்லாம். விலையை அவர் செயற்கையாகத் தாங்கினார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், தாங்கினார். அவர் தாங்கியிராவிட்டால் மோனே இருபது ஆண்டுகள் வரைந்துகொண்டே இருந்திருக்க முடியாது. நியூயார்க்கில் 1957இல் கேலரி திறந்த லியோ கஸ்தெல்லியும் இந்த வழியில் வந்தவரே. விற்றாலும் விற்காவிட்டாலும் ஓவியர்களுக்கு மாதப்படி கொடுத்தார். 1958இல் அவர் வைத்த ஜாஸ்பர் ஜான்ஸின் முதல் கண்காட்சியிலேயே நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் மூன்று ஓவியங்களை வாங்கியது. அதற்குப் பிறகு ஜான்ஸின் விலையைப் பற்றி யாரும் வாதாடவில்லை.

கேலரியே வேண்டாம் என்று ஓவியர் புறப்பட்டால் என்னவாகும் என்பதற்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2008 செப்டம்பர் 15, 16 தேதிகளில் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் தம் 223 புதிய படைப்புகளைக் கேலரிகளைத் தாண்டி நேரே லண்டன் சோத்பீஸில் ஏலம் விட்டார். லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்த அதே நாளில்தான் அது தொடங்கியது. 11 கோடி பவுண்டுக்கு மேல் வசூலானது. ஆனால் ஏலம் கேட்டவர்களில் அவருடைய கேலரிக்காரர்களும் இருந்தார்கள். தாங்கள் முன்பு விற்றவற்றின் விலை விழாமல் பார்த்துக்கொள்ளும் கட்டாயம் அவர்களுக்கு. அந்த ஏலத்தில் வாங்கியவை பல, பிறகு மறுபடி ஏலத்துக்கு வந்தபோது குறைந்த விலைக்கே போயின.

இனி மறுபக்கம். ஓவியரின் கையிலிருந்து முதன்முதலாக விற்கும்போது பாதிக்குப் பாதி என்று ஓவியருக்காவது தெரியும். பழைய ஓவியங்களை மறுவிற்பனை செய்யும்போது வணிகர் எவ்வளவுக்கு வாங்கினார், எவ்வளவுக்கு விற்றார் என்பது அவர் ஒருவருக்கே தெரியும். சுவிட்சர்லாந்துக்காரர் ஈவ் பூவியே, ரஷ்யச் செல்வந்தர் த்மித்ரி ரிபலோவ்லெவுக்கு 38 படைப்புகளைச் சுமார் 200 கோடி டாலருக்கு விற்றார். லியொனார்டோ வரைந்ததாகச் சொல்லப்படும் ‘சல்வாதோர் முண்டி’யை 2013இல் சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கி, உடனேயே 12.75 கோடிக்கு ரிபலோவ்லெவுக்குக் கொடுத்தார். என் முகவராக இருந்து 2 சதவீதம் கமிஷன் வாங்குகிறார் என்றே நினைத்தேன் என்றார் ரிபலோவ்லெவ். நான் முகவரல்ல, விற்பவன், என் விலையை நானே சொல்லலாம் என்றார் பூவியே. மொதிலியானி ஓவியம் ஒன்றுக்குத் தாம் 11.8 கோடி டாலர் கொடுத்திருக்க, விற்றவருக்குப் போய்ச் சேர்ந்தது 9.35 கோடி மட்டுமே என்பது, 2014 கடைசியில் ஒரு விருந்துப் பேச்சில்தான் ரிபலோவ்லெவுக்குத் தெரியவந்தது. பல நாடுகளில் வழக்கு நடந்து, 2023இல் சமாதானமாயிற்று. பூவியேவை எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லவில்லை. வழக்கில் யார் சரி என்பதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. நூறு கோடிகளில் பணம் கொடுப்பவருக்கே, எதிரில் இருப்பவர் தரகரா வியாபாரியா என்பது பத்தாண்டுகளாகத் தெரியாமலிருக்க முடிந்திருக்கிறது.

விலை மறைந்திருக்கும் இடத்தில் வரலாறும் மறைந்திருக்கும். நியூயார்க்கின் நோட்லர் கேலரியைச் சொல்கிறேன். 1846இல் தொடங்கியது. ஃப்ரிக், மெலன் போன்ற பெருஞ்செல்வர்களின் சேகரிப்புகளை உருவாக்கிக் கொடுத்த நிறுவனம். 1930களின் தொடக்கத்தில் சோவியத் அரசு ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்து ஓவியங்களை மெலனுக்கு விற்றது இவர்கள் வழியாகத்தான். 1990களின் நடுவில் கிளாஃபிரா ரொசாலெஸ் என்ற பெண்மணி அங்கே வந்தார். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சேகரிப்பாளரின் மகன் தம்மை அனுப்பியதாகச் சொன்னார். அந்தச் சேகரிப்பாளர் 1950களில் ஓவியர்களிடமே நேரடியாக வாங்கியவர் என்பது கதை. அமெரிக்க நவீன ஓவியர்கள் ராத்கோ, போலாக், மதர்வெல் வரைந்தவை என்று, அதுவரை யாரும் பார்க்காத ஓவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரசீது கிடையாது, கடிதம் கிடையாது, ஒரு பழைய புகைப்படம்கூடக் கிடையாது. அனைத்தும் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஒரு வீட்டுக்குள், பெய்-ஷென் ச்சியன் என்ற சீன ஓவியர் வரைந்தவை. ஓர் ஓவியத்துக்கு அவருக்குக் கிடைத்தது அதிகபட்சம் சில ஆயிரம் டாலர்கள்.

ஒரு ‘ராத்கோ’வை நோட்லர் 9,50,000 டாலருக்கு வாங்கி, 2004இல் 83 லட்சம் டாலருக்கு விற்றது. உண்மையான ராத்கோவைக் கையில் வைத்திருப்பவர் ஒன்பதில் ஒரு பங்கு விலைக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? வாங்கியவருக்கு அந்த முதல் எண் தெரிந்திருந்தால் இந்தக் கேள்வி அன்றே எழுந்திருக்கும். அவருக்குத் தெரிந்தது கேலரியின் பெயரும், அந்தக் கட்டடத்தின் பழமையும்தான். போலாக் பெயரிலிருந்த ஓர் ஓவியத்தில் கையெழுத்தின் எழுத்துக்கூட்டலே தவறாக இருந்தது. 1.7 கோடி டாலருக்கு விற்ற இன்னொரு ‘போலாக்’கில், அவர் உயிரோடிருந்த காலத்தில் கடைக்கே வராத வண்ணம் இருப்பதைப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது. 2011 நவம்பரில் நோட்லர் திடீரென்று மூடப்பட்டது. 165 ஆண்டுப் பெயர் அத்தோடு முடிந்தது. ரொசாலெஸ் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மொத்த மோசடி சுமார் 8 கோடி டாலர். கேலரியின் இயக்குநர் தாமும் நம்பி ஏமாந்ததாகவே கடைசிவரை சொன்னார். அவர்மீது குற்ற வழக்கு தொடரப்படவில்லை.

அங்கே ஏமாந்தவர்கள் செல்வந்தர்கள். நியூயார்க்கின் இதே வழக்கம் நம் ஊரில் யாரை ஏமாற்றியது என்று பார்ப்போம். மேடிசன் அவென்யூவில் ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ என்ற கேலரி இருந்தது. நடத்தியவர் சுபாஷ் கபூர். உலகின் பெரிய அருங்காட்சியகங்களே அவருடைய வாடிக்கையாளர்கள். 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அவரிடமிருந்து சோழர் காலத்து நடராஜர் சிலை ஒன்றை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கூடவே காகிதங்களும் வந்தன. 1970இல் டெல்லியில் ஒரு கடையில் வாங்கியது, ஒரு வெளிநாட்டு ராஜதந்திரியின் குடும்பத்தில் இருந்தது என்று அவை சொல்லின. 1970 என்ற ஆண்டு தற்செயலாக வந்ததல்ல. பண்பாட்டுச் சொத்துகள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கையின் ஆண்டு அது. அதற்கு முன்னே வெளியேறியது என்று காட்டிவிட்டால் அருங்காட்சியகம் நிம்மதியாக வாங்கும்.

அந்த நடராஜர் 1970இல் எங்கே இருந்தார்? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கிராமத்தின் பிரகதீஸ்வரர் கோயிலில் இருந்தார். வழிபாடு நின்று பூட்டிக் கிடந்த கோயில். 2006 வாக்கில் பூட்டை உடைத்துச் சிலைகளை எடுத்துப் போனார்கள். ஊருக்கு அது தெரியவே நாளாயிற்று. உண்மையைக் காட்டிக்கொடுத்தவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். கோயில்களுக்குப் போய்ச் சிலைகளைப் பொறுமையாகப் படமெடுத்துப் பட்டியலிட்டவர்களின் வேலை அது. படத்திலிருந்த நடராஜரும் கான்பெராக் கலைக்கூடத்திலிருந்த நடராஜரும் ஒருவரே. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லி வந்து திருப்பிக் கொடுத்தார். விருத்தாசலம் கோயிலிலிருந்து போன அர்த்தநாரீசுவரரும் அன்றே வந்து சேர்ந்தார். கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு ஆண்டு தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். சிலைத் திருட்டு வழக்கு ஒன்றில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சிவபுரம் நடராஜர் இதே நியூயார்க் வழியாக 1973இல் 9 லட்சம் டாலருக்கு நார்ட்டன் சைமன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரிடம் போய், பெரும் வழக்குக்குப் பிறகு 1986இல் திரும்பி வந்தார். அந்தப் பாடம் கிடைத்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஸ்ரீபுரந்தான் பூட்டு துருப்பிடித்தே கிடந்தது. அதை வாங்கிய ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில் படித்தவர்கள் இருந்தார்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள். விற்றவரின் காகிதத்தைத் தாண்டி, இது எந்தக் கோயில் என்று தமிழ்நாட்டில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

சட்டம் மெல்ல அசைகிறது. பிரிட்டனில் 2020 ஜனவரியில் வந்த விதி, 10,000 யூரோவும் அதற்கு மேலும் போகும் கலைப்பொருள் விற்பனைகளில் வாங்குபவர் யார் என்று வணிகர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றது. அமெரிக்காவில் 2021 தொடக்கத்தில் நிறைவேறிய சட்டம் தொல்பொருள் வணிகர்களைப் பணமோசடித் தடுப்பு விதிகளின் கீழ் கொண்டுவந்தது. ஓவிய வணிகர்களை அது தொடவில்லை. 2024இல் உலகக் கலைச்சந்தையின் விற்பனை 5,750 கோடி டாலர் என்று ஆர்ட் பாசலும் யுபிஎஸ் வங்கியும் மதிப்பிட்டிருக்கின்றன. இவ்வளவு பெரிய வியாபாரத்தில் விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் யாருக்கும் தெரியாமலே இருக்கலாம் என்ற நிலை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேலரிக்காரர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். திருடர்கள் பயம், குடும்பத் தகராறு, வாங்குபவரின் தனியுரிமை என்பார்கள். அண்டை வீட்டாருக்குச் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் ஓவியத்தைப் படைத்தவருக்கும் அதை அடுத்து வாங்கப் போகிறவருக்குமாவது சொல்லியாக வேண்டும். 2020இல் கொரோனாவால் ஆர்ட் பாசலின் ஹாங்காங் சந்தை இணையத்துக்கு மாறியபோது, கேலரிகள் விலையையோ விலை வரம்பையோ திரையில் காட்டின. அதனால் கலையின் கண்ணியம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இங்கே இருக்கும் மாணவர்களுக்கு நேரடியாகச் சில செய்திகள். நீங்கள் இருக்கும் இந்தச் சென்னையில், 1966இல், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாட்டிக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். தாங்கக்கூடிய ஒரு துரான்-ருயெல் இங்கே அப்போது இல்லை. தங்களைத் தாங்களே தாங்கிக்கொண்டார்கள். இன்று நிலைமை வேறு. உங்களில் சிலரை மும்பை, டெல்லி கேலரிகள் அழைக்கும். போங்கள். ஆனால் உங்கள் ஓவியத்தை யார் வாங்கினார் என்பதைப் பல கேலரிகள் ஓவியரிடமே சொல்வதில்லை, அடுத்த முறை ஓவியர் நேரே விற்றுவிடுவாரோ என்ற பயத்தில். கையெழுத்துப் போடும்முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். வாங்கியவர் பெயர், விற்ற விலை, கொடுத்த தள்ளுபடி, உங்கள் பாதி எந்தத் தேதிக்குள் வரும். தள்ளுபடி யார் பங்கிலிருந்து போகிறது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம்மில் பலருக்குத் தெரியாத சட்டம். ஓவியர் டையப் மேத்தா 1995இல் வரைந்த ‘செலிப்ரேஷன்’ 2002இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் போனது. இந்திய நவீன ஓவியத்துக்கு அதுவரை கேள்விப்படாத விலை. அது மறுவிற்பனை, பணம் ஓவியருக்கு உரியதாக இருக்கவில்லை. ஏலம் நடந்தது வேறு நாட்டில். ஆனால் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்த்த 53ஏ என்ற பிரிவு இருக்கிறது. மூல ஓவியமோ சிற்பமோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், பதிப்புரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும், படைத்தவருக்கோ அவருடைய வாரிசுக்கோ அந்த விலையில் ஒரு பங்கு உண்டு. 10 சதவீதத்துக்கு மிகாத பங்கு. ரவுஷன்பெர்க் போராடிக் கேட்டது நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை ஓவியர்கள் கேட்டுப் பெற முடியாமல் போவதற்கு முதல் காரணம், தங்கள் ஓவியம் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாதது.

அதனால் இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வரைந்த ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். அளவு, முடித்த தேதி, கொடுத்த கேலரி, வாங்கியவர், விலை, ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். ஓவியம் கைமாறியதாகக் கேள்விப்பட்டால் அதையும் எழுதுங்கள். ராத்கோ காலத்து ஓவியர்களின் ஒவ்வொரு கேன்வாஸுக்கும் அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால் ரொசாலெஸின் கதை நோட்லர் வாசலிலேயே நின்றிருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் உங்கள் பெயரில் ஒரு போலியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, எடுத்துக் காட்ட உங்கள் பிள்ளைகளின் கையில் அந்த நோட்டு இருக்கும். நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பேசுவோம்.